கடைசிக் குட்டி

மழைக்காலம் வருவதற்குள் குட்டி எறும்புகளை வரிசையில் நடக்கப் பழக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளம் வரும்போது வழி தெரியாமல் நின்றுவிடும்.

"டீச்சர், இவன் என் காலை மிதிக்கிறான்!"

"டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?"

எறும்பு டீச்சர் இவர்களுக்குப் பதில் சொல்வதற்குள், கடைசிக் குட்டி வழக்கம்போல ஒரு சர்க்கரைத் துணுக்கைப் பார்த்து ஓடிவிட்டது.

"சரி, வா. முதல்லேருந்து போகலாம்" என்று மொத்த வரிசையையும் திருப்பினாள் டீச்சர்.

வேலியில் இருந்த ஓணான் தலையை ஆட்டியது. "அதுக்கு மண்டையில ஏறாது. விட்டுத் தள்ளுங்க டீச்சர்."

"ஏறுற வரைக்கும் சொல்லுவேன்" என்றாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

சாயங்காலம் புற்றுக்குத் திரும்பும்போது, ஒரு கல்லுக்குப் பின்னால் தன் குரலே கேட்பது போலிருந்தது. எட்டிப் பார்த்தாள். கடைசிக் குட்டி கேழ்வரகு மணிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. உருண்டு ஓடிய ஒரு மணியைப் பொறுமையாக இழுத்து வந்தது.

"சரி, வா. முதல்லேருந்து போகலாம்." குட்டியின் குரலில் டீச்சரின் கட்டிய தொண்டைகூட அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் அதே குட்டி மறுபடியும் வரிசையை விட்டு ஓடியது. ஓணான் சிரித்தது.

"சரி, வா" என்றாள் டீச்சர், நேற்றைவிட உரக்க. "முதல்லேருந்து போகலாம்."