கார்க் கதவில் எந்த வீட்டு விலாசம்?

"சுபஹான், கண்ணு அவிஞ்சு போச்சா? ராம.வயி.ன்னு எழுதச் சொன்னா, எவன் வீட்டு எழுத்தையோ எழுதி வச்சிருக்கே!"

பெயிண்டர் சுபஹானிடம் வயிரவன் செட்டியார் போட்ட சத்தத்தில் தெருவே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. மகன் சாத்தப்பனுக்குக் கல்யாணத்துக்காக அவர் வாங்கிய அம்பாசிடர். கதவில் தன் வீட்டு விலாசம், அதாவது குடும்பத் தலைப்பெழுத்தான ராம.வயி.தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம்.

"மூணு தடவை அழிச்சு எழுதிட்டேன் செட்டியாரே. நீங்க அங்குட்டுப் போனதும் உங்க மகன் வந்து மாத்தச் சொல்றாக."

"அவனைப் பெத்தவன் நான்டா!"

"பெத்தீக, சரி. போன மாசம் கானாடுகாத்தான் ஆச்சிக்குச் சுவீகாரம் கொடுத்துட்டீகளே? இனி அந்த வீட்டு எழுத்துத்தானே அவுகளுக்கு?"

செட்டியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஆவணியில் சாத்தப்பன் கானாடுகாத்தானிலிருந்து, அந்த வீட்டு எழுத்து எழுதிய அதே காரில் மாப்பிள்ளையாகப் போனான். பெற்றவர் விருந்தாளிகளோடு பஸ்ஸில் போய் வந்தார்.