இரண்டு விரல் அகலம்

“பனிதாம்மா கடிச்சிருச்சு” என்றார் மோகனா.

நடாலியின் பேனா தாளில் அப்படியே நின்றது.

“பனியா ஆன்ட்டி?”

“ஆமா. நவம்பர் மாசப் பனி. மேல கியா பார்ம் மலைப் பக்கமிருந்து இறங்கி வந்துச்சு. நான் பாட்டுக்குக் கொழுந்து வெட்டிக்கிட்டு இருந்தேன். ‘மோகனா’ன்னு யாரோ கூப்பிட்டாப்ல இருந்துச்சு. திரும்பினேன். தாடையில ஒரே கடி.”

எஸ்டேட் மண்டபத்தில் சிரிப்பு ஓடியது. சன்னல் வழியே உள்ளே வந்திருந்த பனிகூட, பெயர் அடிபட்ட கூச்சத்தில் ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

வருசா வருசம் இதே கூத்துதான். முகம், தாடை அறுவை சிகிச்சை படிக்கும் மாணவர்களை டாக்டர் பிரெட்ரிக் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிவருவார். காலையில் தோட்டத்து ஆட்களுக்கு வாய்ப் பரிசோதனை. பிற்பகலில் மாணவர்களுக்குப் பரீட்சை.

கேள்வித்தாள், மோகனா.

அவருடைய இடத் தாடைக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று. சிரித்தால் கீழுதட்டின் வலப்பக்கம் மட்டும் இறங்கும். இடப்பக்கம் தூங்கிக்கொண்டிருக்கும். அது ஏன் என்று விசாரித்து, தொட்டுப் பார்த்து, ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கேள்வித்தாள் பொய் சொல்லும். போன வருசம் புலி அறைந்தது. அதற்கு முந்தின வருசம், லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டத்தில் விளைந்த முட்டைக்கோஸ் ஒன்று உருண்டு வந்து மோதியது. அந்த ஒரு கோஸை ஏற்றவே இரண்டு லோரி பிடித்ததாம்.

“ஒரு வரி பொய் இருந்தாலும் கிழிச்சிருவேன்” என்பது பிரெட்ரிக்கின் சட்டம். பதினெட்டு வருசமாகக் கிழித்துக்கொண்டுதான் இருக்கிறார். சற்று முன்னால் நடாலியோடு படிக்கும் ஜெஃப்ரியின் தாள் நான்கு துண்டானது.

“இரக்கமே இல்லாத மனுசன் லா” என்று ஜெஃப்ரி முணுமுணுத்தான். “ஒரு பொம்பளையோட கோண வாய வருசா வருசம் காட்சிக்கு வைக்கிறாரு.”

மற்றவர்களுக்குக் கவலையில்லை. வேறு பாடத்து மதிப்பெண் அவர்களைக் காப்பாற்றும். நடாலி ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். இதிலும் போனால் படிப்பை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“தொட்டுப் பாக்கலாமா ஆன்ட்டி?”

“பாரும்மா. பனி கடிச்ச இடம். ஜில்லுன்னு இருக்கும்.”

நடாலி தன் இரண்டு விரல்களைச் சேர்த்து அவர் தாடை எலும்பின் அடிவிளிம்பில் வைத்தாள். முதல் வகுப்பிலேயே பிரெட்ரிக் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்ன பாடம் அது. தாடைக்குக் கீழே கீறுவதென்றால், எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளித்தான் கத்தி வைக்க வேண்டும். அதற்குள் உதட்டை இறக்கும் நரம்பு ஓடுகிறது.

தழும்பு, கத்தி கீறிய நேர்கோடாக, அவளுடைய முதல் விரலுக்கு அடியிலேயே இருந்தது.

விரலை எடுக்காமல் மெல்லக் கேட்டாள். “எங்க விழுந்தீங்க ஆன்ட்டி?”

மோகனா சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“ரிங்லெட் மலைரோட்டு வளைவுல. கொழுந்து லோரியிலருந்து.” குரல் கதையிலிருந்து இறங்கி வந்திருந்தது. “தாடை ஒடைஞ்சு போச்சு.”

“ஆபரேசன்ல நரம்பு அறுந்திருக்கு.”

“எலும்ப நல்லாத்தான் சேத்துச்சும்மா. படிக்கிற புள்ள, உன்ன மாதிரி. கட்டுப் பிரிச்ச அன்னிக்கு என்னைச் சிரிக்கச் சொல்லிப் பாத்துச்சு. அப்புறம் வெளிய போய் படிக்கட்டுல உக்காந்து அழுதுச்சு. பெரிய டாக்டருங்க வந்து கேட்டாங்க. எனக்கு மொதல்லருந்தே இப்படித்தான்னு சொல்லிட்டேன்.”

“ஏன் ஆன்ட்டி?”

“என் வாய் கோணினது போதாதா? அந்தப் புள்ள பொழப்பும் கோணணுமா? எழுதிறாதம்மா. பனின்னு போட்டுரு.”

வெளியே தேயிலைச் சரிவு முழுதும் வெள்ளையாகக் கரைந்துபோயிருந்தது. இனி உலகத்தில் இந்த மண்டபமும் இந்தத் தாளும் மட்டும்தான் மிச்சம் என்பதுபோல இருந்தது. மூலையில் இருந்த பனி எழுந்து வந்து நடாலியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது.

நடாலி தன் இரண்டு விரல்களையும் பார்த்தாள். நாளைக்குக் கத்தி பிடிக்கப்போகிற விரல்கள்.

பிறகு எழுதினாள். ‘விபத்தில் தாடை முறிவு. அறுவையின்போது கீறல் மேலே போய்விட்டது. நரம்பு அறுந்தது. தவறு மருத்துவருடையது.’

தாளின் அடியில் வழக்கமாக இருக்கும் ‘அறுவை செய்தவர்’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள்.

பிரெட்ரிக் தாளை வாங்கினார். கிழிபடும் சத்தத்துக்காக ஜெஃப்ரி காதைத் தீட்டிக்கொண்டான்.

சத்தம் வரவில்லை. பிரெட்ரிக் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார்.

“இங்க பேரு எங்க?”

“அவங்க சொல்லல சார்.”

“நீ கேட்டியா?”

“இல்ல சார்.”

மோகனா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “டாக்டர், அது சின்னப் புள்ள, ஒன்னும் தெரியாம எழுதிருச்சு. பனிதான் கடிச்சுச்சு. நீங்க கிழிச்சுப் போடுங்க.”

பிரெட்ரிக் கிழிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“தம்பி, வேணாம் லா” என்றார் மோகனா.

பதினெட்டு வருசமாக யாரும் வந்து சேராத அந்தக் கட்டத்தில், பிரெட்ரிக் நிதானமாக எழுதினார்.

‘பிரெட்ரிக் ராஜநாயகம், மாணவன்.’