கை விரித்த அளவு

“வீட்டுல வச்சு பெயிண்ட் அடிக்கதுக்கு இது போதும்வே. இதுக்கு மேல வாங்குனா வீண்,” என்றார் சிவசைலம் அண்ணாச்சி.

திருநெல்வேலி ஜங்ஷனில் அவருடைய மெஷின் கடை. சிமெண்டுத் தரையில் அந்தச் சின்ன ஏர் கம்ப்ரஸர் இரண்டு சக்கரங்களோடு சிவப்பாக நின்றது.

ஜெனிஸ்டன் தலையாட்டினான். பீரோ, கட்டில், சைக்கிள் என்று வீட்டுப் பின்பக்கம் வைத்து ஸ்பிரே பெயிண்ட் அடிக்கப் போவதாக அவரிடம் சொல்லியிருந்தான்.

மனைவி அஞ்சலினிடம் சொல்லியிருந்ததும் அதைத்தான்.

இருவரிடமும் சொன்னது பொய்.

இந்த மெஷின் ஒரு வாரம் வீட்டில் கிடக்கும். அப்புறம் கடற்கரைக்குப் போய் வள்ளத்தில் ஏறும். அது தள்ளும் காற்றை நீளமான டியூப் வழியாக வாயில் வாங்கிக்கொண்டு, ஜெனிஸ்டன் சங்கெடுக்கக் கடலடிக்கு இறங்குவான்.

இனி இறங்கவே மாட்டேன் என்று மாதா கோயிலில் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவன் அவன்.

அஞ்சலினின் தம்பி வியாகுலம் அப்படி இறங்கித்தான் செத்துப்போனான். அடக்கம் முடிந்த கையோடு இருவரும் ஊரை விட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார்கள்.

பீரோ பட்டறையில் வேலை கிடைத்தது. ஆனால் தொழில் படியவில்லை. அவன் அடித்த பெயிண்ட் கதவெல்லாம் வழிந்தது. முதலாளி ஆட்கள் முன்னால் வைத்தே திட்டினார். அதே நேரம் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. சங்கு நன்றாகப் படுகிறது, மெஷின் மட்டும் ஒன்று கொண்டு வா என்றார்கள்.

இன்று அவளைக் கூட்டிவர அவன் நினைக்கவில்லை. “நானும் வாரேன்” என்று அவளே செருப்பை மாட்டிக்கொண்டாள். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது அவள் ஜன்னல் வழியே தாமிரபரணியைப் பார்த்தபடி வந்தாள். அவன் டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அண்ணாச்சி ஸ்விட்சைப் போட்டார். மெஷின் தடதடவென்று அதிர்ந்தது. அளவு காட்டும் முள் மேலே ஏறியது.

“சத்தம் கொஞ்சம் கூடத்தான். ஆனா மாடு மாதிரி உழைக்கும்.”

“மோட்டாரைக் கழத்திட்டு எஞ்சின்ல மாட்டிக்கிடலாமா, அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு ஜெனிஸ்டன் அவசரமாகச் சேர்த்தான். “கரண்ட் நிக்க நேரத்துக்கு.”

“பெல்ட்டுதான, தாராளமா மாட்டலாம். டியூப் எம்புட்டு வேணும்?”

“நானே பாத்து எடுத்துக்கிடுதேன்.”

சுருளிலிருந்து டியூபின் முனையை இழுத்தான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க விரித்து, நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தான். விட்டான். மறுபடி விரித்தான். உதடு தன்பாட்டுக்கு எண்ணியது.

கடலுக்குள் இறங்குகிறவர்கள் ஆழத்தை அளக்கும் விதம் அது. கை விரித்த அளவு ஒரு பாகம். பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் அப்படி அளப்பதில்லை. அவன் அதை யோசிக்குமுன் கைகள் அளக்கத் தொடங்கிவிட்டன.

“என்னவே, முடியவே மாட்டேங்கு?” அண்ணாச்சி சிரித்தார். “இங்கன இருந்தே பக்கத்துத் தெரு பீரோவுக்கும் அடிச்சிருவீரு போலுக்கே.”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

விரித்த கைகளோடு திரும்பினான். அஞ்சலின் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடற்கரையில் பிறந்தவள். அவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவனுக்கு முகம் எரிந்தது. கையை மடக்கவும் முடியவில்லை, அப்படியே நிற்கவும் முடியவில்லை. காலடியில் டியூப் குவிந்து கிடந்தது. கடை நடுவே அவள் சத்தம் போட்டால்கூடத் தேவலை என்று நினைத்தான். விறுவிறுவென்று வெளியே போய்விட்டாலும் சரி, பின்னாலேயே ஓடிவிடலாம்.

அவள் போகவில்லை. மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காற்று வரும் திருகைத் திறந்து, மூக்கை அருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

“அண்ணாச்சி, ஆயில் ஊத்தாம ஓடுத மெஷின் இருக்கா?”

“பல் டாக்டர் ஒருத்தருக்காக வரவழைச்சது ஒண்ணு கிடக்கும்மா. ஒங்களுக்கு எதுக்கு அது? ஆயில் மெஷின்னா காத்தோட லேசா வாடை வரும், சூடேறுனா புகையும். பீரோவுக்கு என்ன, மூச்சா முட்டப் போவுது?”

“பீரோவுக்கு ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி. இவுகளுக்குத்தான் அந்த வாடை ஒத்துக்கிடாது,” என்றாள் அஞ்சலின். “பெயிண்ட் அடிக்கையில தலை சுத்தி விழுந்துட்டாகன்னா?”

சொல்லிவிட்டுக் குவிந்து கிடந்த டியூபைச் சுருட்டத் தொடங்கினாள். ஒரு பாகத்தைக்கூட அவள் குறைக்கவில்லை.

அண்ணாச்சி உள்ளே போனார். ஜெனிஸ்டன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

வியாகுலம் இறங்கிய அன்று வள்ளத்தில் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். ஆயில் குறைந்திருந்தது. புது ஆயிலுக்காகக் கரை திரும்பச் சோம்பல்பட்டு, எஞ்சினிலிருந்து வடித்து வைத்திருந்த கறுத்த ஆயிலை எடுத்து ஊற்றினான். அதை அவன் பங்குச் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. கடல் உயிரைக் கொண்டுபோய்விட்டது என்று ஊரே சொன்னது. அஞ்சலினும் இத்தனை காலம் அதையேதான் சொல்லிவந்தாள்.

அன்று கரையில் கிடத்தியதும், தம்பியின் வாயில் வாய் வைத்து ஊதி ஊதிப் பார்த்தவள் அவள். அந்த வாயில் என்ன வாடை வந்திருக்கும் என்று அவன் இன்றுதான் நினைத்துப் பார்த்தான்.