ஜன்னல் வேண்டாத அறை

மனுவைப் பாதி படிப்பதற்குள் அறக்கட்டளைத் தலைவிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார், பக்கத்து உறுப்பினரின் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த பேண்டு மாஸ்டருக்கு நெஞ்சு விம்மியது. "பாத்தியாய்யா, நம்ம வாசிப்பை இன்னும் காதால கேக்கல. பேப்பர்ல படிச்சதுக்கே இந்த உருக்கம்!" என்று கூட வந்த சலூன்காரரிடம் கிசுகிசுத்தார்.

மாஸ்டர் முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் ட்ரம்பெட் வாங்கினார். அடுத்த வாரமே ஆள் பிடித்து ஐவர் குழு சேர்த்துவிட்டார். அதில் சலூன்காரருக்குப் பெரிய டிரம். தினமும் மாலை ஆறிலிருந்து எட்டுவரை அடுக்குமாடியின் மொட்டைமாடியில் ஒத்திகை. தொடங்கிய மாதமே அங்கிருந்த புறாக்கள் மொத்தமும் வேறு பேட்டைக்குக் குடிபோய்விட்டன. வெயில் தாங்காமல் போயிருக்கும் என்று மாஸ்டர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

அந்த மொட்டைமாடிக்குத்தான் இப்போது ஆபத்து. ஒன்றாம் தேதி முதல் அங்கே சோலார் தகடு பதிக்கப்போகிறார்கள்.

"அதனால என்ன? நம்ம ஹால் சும்மாதானே கிடக்கு. சோபாவைத் தூக்கிட்டா அஞ்சு பேரும் தாராளமா உக்காரலாம்" என்று மாஸ்டர் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார். மனைவி சோபாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆனால் டிரம் வாசலில் நுழையவில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கவைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். டிரம்மை விட்டுவிட்டு ஹாலிலேயே வாசிக்கலாம் என்றார் மாஸ்டர்; டிரம் இல்லாத குழுவில் தனக்கென்ன வேலை என்று சலூன்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வேறு இடம் கிடைக்காவிட்டால் குழு உடைந்துவிடும் என்கிற நிலைமை.

அப்போதுதான் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது: 'உங்கள் குழுவுக்கு அறை கேட்டு வந்த மனு தொடர்பாக நேரில் வரவும்.' மனு போட்டது யாரென்று ஐவரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த அறக்கட்டளையில் அப்படியொரு வழக்கம். தன் வட்டாரத்துக்கு என்ன வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். பெயரை மறைக்கச் சொன்னால் மறைத்துவிடுவார்கள்.

ஒருகாலத்தில் பல் டாக்டராக இருந்த தலைவி, தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியைப் படித்தார்.

"'இவர்களுடைய ஒத்திகைக்கு வெளிச் சத்தம் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. ஆகவே ஒன்றரை அடி கனமான சுவரோடும், ஜன்னலே இல்லாமலும், வீடுகளை விட்டு நாலு கிலோமீட்டராவது தள்ளியும் ஓர் அறை தந்து உதவ வேண்டும். குழுத் தலைவர் அசாத்திய உழைப்பாளி. பல் விளக்கும்போதுகூட மெட்டை நிறுத்த மாட்டார், கண்ணாடியெல்லாம் நுரை தெறிக்கும்.' கீழே வீட்டுக்கு ஒண்ணா நாப்பத்திரண்டு கையெழுத்து."

"எங்க கட்டடத்துல இருக்கறதே நாப்பத்திரண்டு வீடுதாங்க!" மாஸ்டர் நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பினார். "பல் விளக்கறது வரைக்கும் கவனிச்சிருக்கான்யா! ரசிகன்னா இவன்தான்!"

சலூன்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"மனுவை மட்டும் நம்பி நாங்க எதையும் குடுக்கறதில்ல சார்" என்றார் டாக்டரம்மா. "போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நேர்லயே வந்தோம்."

"அடடே! மேல யாரையும் பாக்கலியே?"

"மூணாவது மாடி வரைக்கும்தான் ஏறினோம். அதுக்கு மேல தேவைப்படல. அங்கயே படியில உக்காந்து முடிவு பண்ணிட்டோம்."

"அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

"அவசரம் புரிஞ்சுது சார்."

நூலகத்துக்கு ஒரு சாய்தளம், பூங்காவுக்கு ஒரு பெஞ்சு என்றால் ஆறு மாதம் கூடிக் கூடி யோசிக்கிற குழு அது. மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலையின் குளிர்கிடங்கை மாஸ்டருக்குக் கொடுப்பது என்று நாலே நிமிஷத்தில் தீர்மானம் போட்டிருந்தது. ஊருக்கு வெளியே, கடைசி பஸ் நிறுத்தத்துக்கும் அப்பால். சாவியைக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

"எழுதினது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க டாக்டர். நேர்ல போய் நன்றி சொல்லணும்."

"பேரைச் சொல்ல வேணாம்னு கேட்டிருக்காங்க. நாங்க மீற முடியாது சார்."

செய்தி அவருக்கு முன்பே கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. காவலாளி சல்யூட் அடித்தார். மாஸ்டரைக் கண்டால் மூன்று வருஷமாகக் கதவைச் சாத்திக்கொள்ளும் தரைத்தள வக்கீல் ஓடிவந்து, டிரம்மைத் தன் காரிலேயே ஏற்றிக் கொண்டுபோய் இறக்கித் தருவதாகச் சொன்னார்.

"இவ்வளவு பாசத்தை உள்ளுக்குள்ளயே வெச்சிருந்திருக்காங்களே!" என்று தழுதழுத்தபடி மாஸ்டர் மாடி ஏறினார்.

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"கிடைச்சிடுச்சும்மா!" சாவியை ஆட்டிக் காட்டினார் மாஸ்டர். "நாளைலேருந்தே அங்கதான்!"

"அப்போ சோபா?"

"சோபா இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

மனைவி குழாயை மூடினார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. மாஸ்டர் அதைத் தன் வெற்றியின் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டார்.

"எழுதின மகராசன் யாருன்னுதான் தெரியல. அந்தக் கை மட்டும் கிடைச்சா, பிடிச்சு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்குவேன்."

மனைவி துண்டில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, வலது கையை நீட்டினார்.

"இந்தாங்க, ஒத்திக்குங்க."