நல்ல காலில் கட்டு

"இன்னும் இறுக்குடி. அடிக்க வர்றவளுக்குக் கண்ணுல படணும்ல."

ஃபுட்பால் மைதானக் கோட்டுக்கு வெளியே ஈரப் புல்லில் மண்டியிட்டு, அக்கா சஹானாவின் வலது முழங்காலில் கிரேப் பேண்டேஜை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிந்தாள் பத்மஜா.

அந்த முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. மூட்டை தூக்கச் சொன்னாலும் தூக்கும்.

கெட்டது இடது முழங்கால். உள்ளே ஏதோ அறுந்து கிடக்கிறது. வேகமாகத் திரும்பினால் நழுவும். மாடிப்படி இறங்கினாலும் நழுவும்.

கல்கத்தா மைதானத்தில் கட்டுப் போட்ட காலைத்தான் அடிப்பார்கள். வெளியிலிருந்து கோச் சாடை காட்டுவார், தடுக்க வருகிறவள் பந்தை விட்டுவிட்டு முட்டியைப் பார்ப்பாள். அதனால்தான் சஹானா நல்ல காலில் கட்டுப் போட்டாள். உதையை அது வாங்கிக்கொள்ளும். 'ஐயோ' என்று விழுந்தால் ஃப்ரீகிக்கும் கிடைக்கும்.

இந்த வித்தை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பெஹாலா வீட்டில் ஒரே பாயில் படுக்கிற அக்காவுக்கும் தங்கைக்கும்.

இரண்டு பேருமே ஃபார்வர்டு. ஒரே கிளப். அக்கா ஆடுவாள், தங்கை பெஞ்சில் உட்கார்ந்து அக்காவின் தண்ணீர் பாட்டிலைக் காப்பாள்.

சஹானா பதினைந்து வயதில் பூட்ஸ் மாட்டியவள். பெங்கால் டீமுக்கே ஆடியவள். கோல் அடித்த வருஷம் கழுத்தில் மாலை போட்டார்கள். முழங்கால் போன வருஷம் கையில் ஐஸ்கட்டி கொடுத்தார்கள். ஆபரேஷன் என்று வாயெடுத்தபோது கிளப் செக்ரட்டரிக்குக் காது மந்தமாகிவிட்டது.

இன்று தெற்கே ஒரு பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்திருந்தார். அங்கே சேர்ந்துவிட்டால் போதும், ஆடும்போது போனது என்று சொல்லி அவர்கள் செலவிலேயே முழங்காலைச் சரிபண்ணிக்கொள்ளலாம். ஆனால் அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஃபார்வர்டு.

குடைக்கு அடியில் ஜால்முரிக் காரப்பொரிப் பொட்டலத்தைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரணியில் சஹானாவைத் தடுக்க நின்றவள் பூல்மணி. ஜார்கிராம் பக்கத்துப் பெண், இந்த வருஷம்தான் வந்தவள், சொன்ன வேலையைச் செய்கிறவள். முதல் பாதி முழுக்கக் கட்டின் மேலேயே உதைத்தாள்.

சஹானா விழுந்தாள். முகத்தைச் சுளித்தாள். வலது காலை ஊன்றி எழுந்தாள்.

மறுபடியும் விழுந்தாள். மறுபடியும் வலது காலை ஊன்றி எழுந்து ஓடினாள். ஒரு தடவை அப்படி எழுந்து போன கையோடு கோலே அடித்துவிட்டாள். குடைக்காரர் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

இரண்டாம் பாதியில் பந்து அவள் காலுக்கு வந்தது. திரும்பினாள்.

உதை இடது முழங்காலில் விழுந்தது.

விரலைச் சொடுக்கினாற்போல ஒரு சத்தம். அவளுக்கு மட்டும் கேட்டது.

இந்தத் தடவை 'ஐயோ' வரவில்லை. வாய் நிறையப் புல்.

எழப் பார்த்தாள். முட்டிக்குக் கீழே கால் பேச்சுக் கேட்கவில்லை.

வலிக்கும் முன்னால் வந்து நின்றது ஒரு கேள்விதான். யார் சொன்னது? தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இங்கே தரையில் கிடக்கிறாள்.

தலையைத் திருப்பினாள். பத்மஜா பெஞ்சில் இல்லை. மஞ்சள் மேல்பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோட்டோரம் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

கோச் சொல்லிக் கழற்றினாளா, எப்போது கழற்றினாள், அதையெல்லாம் சஹானா யோசிக்கவில்லை. பார்த்தது போதும் அவளுக்கு.

பூல்மணி வந்து குனிந்தாள். மூத்தவள் மேல் கால் பட்ட தோஷத்துக்கு, சஹானாவின் பாதத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

சஹானா அவள் கழுத்தை வளைத்துப் பிடித்துக் காதோடு வாய் வைத்தாள். வங்காளியில் நாலு வார்த்தை சொன்னாள்.

பூல்மணி கோட்டோரம் பார்த்தாள். தலையாட்டினாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. தூக்கி வைக்கும்போது சஹானா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள், என் இடது காலைப் பற்றி அவள் உன்னிடம் எப்போது சொன்னாள் என்று.

"எவ சொன்னா?" என்றாள் பூல்மணி. "விழுந்தப்பல்லாம் கட்டுப் போட்ட காலை ஊனித்தானே எழுந்தீங்க, தீதி. நோவுற கால யாராவது ஊனுவாங்களா?"

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

கோட்டருகே பத்மஜா எதிரே வந்தாள். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். சஹானா நினைத்திருந்தால் சொல்வதற்கு அவ்வளவு நேரம் இருந்தது.

"உனக்கும் சேர்த்து ஆடறேங்க்கா."

சஹானா அவள் தோளுக்கு மேலே பார்த்தாள். குடைக்கு அடியில் இருந்தவர் எழுந்து நின்று, உள்ளே வரப்போகிறவளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ," என்றாள் சஹானா. "நல்லா ஆடு."

பத்மஜா தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவள் இடது கணுக்காலில் வெள்ளையாக ஒரு கட்டு. காலையில் பாயில் உட்காரவைத்து, இறுக்கி, சஹானாதான் அதைக் கட்டிவிட்டிருந்தாள். அந்தக் கணுக்காலுக்கும் ஒரு கேடும் இல்லை.

பூல்மணி அந்தக் கட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் கண் கட்டில்லாத வலது காலின் மேல் இருந்தது.