முறைக்காத காட்டெருமை

கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய பங்களாவில் சாப்பாட்டு அறை ஒன்றுதான் தண்டாயுதபாணிக்குத் தலைவலி. நீள மேசைக்கு நேர் எதிரே, துரை சுட்ட காட்டெருமையின் தலை சுவரிலிருந்து முறைத்துக்கொண்டே இருந்தது.

விருந்துக்கு வந்த சம்பந்தி பாயசத்துக்கு முன்பே எழுந்துவிட்டார். "கோர்ட்டுக் கூண்டுல நிக்கிற மாதிரி இருக்கு. ஒரு வாய் எறங்கலை."

"அதைக் கழட்டிருங்களேன்," என்றாள் மனைவி விசாலாட்சி.

"கழட்டினா சுவரும் கூட வந்துருமாம். நான் பழனிக்குப் போறேன். வெள்ளிக்கிழமை சம்பந்தி மறுபடி வர்றாரு. காலை நீட்டி நிம்மதியா சாப்பிடுற மாதிரி ஏதாவது பண்ணி வையி."

"நீங்க வெரசா வந்துருங்க. நான் பாத்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை அவர் திரும்பியபோது சாப்பாட்டு அறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. எட்டிப் பார்த்தார். காட்டெருமையின் நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவே குங்குமம், கொம்பில் மல்லிகைச் சரம். மேசை நிறையத் தேங்காய், பழம். சம்பந்தி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன விசாலாட்சி இது?"

"மூஞ்சி கொஞ்சம் சாந்தமாத் தெரியட்டும்னு துன்னூறு பூசினேங்க. வில்பட்டிக் காய்கறிக்காரி பாத்துட்டு விழுந்து கும்பிட்டா. இப்ப தெருவே வருது."

"சம்பந்திக்கு எங்க இலை போடுறது?"

"சாமி முன்னாடி எச்சில் பண்ணலாமா? அடுப்படியில உக்காந்து, பாயசத்தை மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாருங்க."

"நல்ல கூத்து! எல்லாரையும் இப்பவே வெரட்டுறேன்!" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார் தண்டாயுதபாணி.

காட்டெருமைக்கு எதிரே போய் நின்ற பிறகுதான் தன் வெறுங்காலைக் கவனித்தார். அவருடைய செருப்பும் வாசலில் கிடந்தது.