முதல் அடி

பண்டிங் ஏரிக்கரையிலிருந்து கார்த்திகேசு போனில் சொன்னதைக் கேட்டு, இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தினேஸ்வரி பதறிப்போனாள்.

"புதுப் படகுல ஓட்டையா? யாருக்கும் ஒன்னும் ஆகலியே அண்ணே?"

"இல்ல தங்கச்சி. நீ சொன்ன மாதிரியே குடும்பத்தோட லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம்."

"ரொம்ப வேகமா ஓட்டினீங்களா?"

"இஞ்சினையே தொடல லா."

"அப்ப தண்ணிக்கடியில கெடக்குற மரத்துல மோதியிருக்கும்."

"படகு இன்னும் கரையிலதான் இருக்கு."

"பிறகு எப்படிண்ணே ஓட்டை?"

கார்த்திகேசு குரலைத் தாழ்த்தினார்.

"விபத்தே வரக்கூடாதுன்னு சாமி கும்பிட்டுட்டு, படகு மூக்குல தேங்காய ஓங்கி அடிச்சேன்."

தினேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"தேங்காயாவது ஒடஞ்சுதா?"

"அதான் ஒடயல. சகுனம் சரியில்லன்னு வீட்டுக்காரி ஒரே புலம்பல். இன்னொரு அடி அடிச்சா, அதுக்கும் இன்சூரன்ஸ் உண்டா தங்கச்சி?"